19 மாதம், ஒரே லைன், இரண்டு ஐடி கார்டு: நான் எந்தக் கம்பெனி ஆள்?

கடிதம் எழுதியவருக்கு வயது 23. செய்யாறு பக்கத்துக் கிராமத்துக்காரர், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர். சுங்குவார்சத்திரத்தில் 5 பேரோடு ஒரே ரூமில் தங்கி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு பெரிய கார் தொழிற்சாலையில் 19 மாதமாக வேலை பார்க்கிறார். நிமிடத்துக்கு ஒரு வண்டி நகர்கிற அசெம்பிளி லைன். முதல் 12 மாதம் அப்ரென்டிஸ். அது முடிந்த மறுவாரமே அதே லைனில், அதே ஸ்டேஷனில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டின் கயிறு மட்டும் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. பே ஸ்லிப்பில் இருப்பது அவர் அதுவரை கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்தின் பெயர். இப்படி 7 மாதம் ஓடிவிட்டது. "480 நாள் தாண்டிட்ட, இனி உன்னை யாரும் வெளியே அனுப்ப முடியாது, எங்கயும் போயிடாத" என்கிறார் சூப்பர்வைசர்.

இதற்கிடையில், ஒரகடம் பக்கம் இன்னொரு பெரிய கார் கம்பெனியில் 2 வருட ஃபிக்ஸட் டெர்ம் வேலைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ என்று ஒரு கன்சல்டன்சியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. 25,000 ரூபாய் 'திரும்பக் கிடைக்கும் டெபாசிட்', கூடவே டிப்ளமோ ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறார்கள். அம்மாவின் தோட்டை அடகு வைக்க அப்பா தயாராக இருக்கிறார். இன்னொரு பக்கம், 4 மாதமாக வலது மணிக்கட்டில் வலி. கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று இ.எஸ்.ஐ. பக்கமே போகாமல், தனியார் கிளினிக்கில் தடவைக்கு 300 ரூபாய் கொடுத்து ஊசி போட்டுக்கொள்கிறார். 'மெடிக்கல்ல இதைப் பத்தி வாயே திறக்காத' என்று ரூம் நண்பர் சொல்லியிருக்கிறார். கடைசி வரி இது: "மேடம், நான் செய்யறது முன்பக்க சஸ்பென்ஷன்ல ரெண்டு பக்கமும் மூணு மூணா 6 நட் டைட் பண்றது மட்டும்தான். இதை வெச்சு இன்டர்வியூவுல என்ன சொல்றது?"

தம்பி, அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், சொல்கிறேன். அதற்கு முன் சட்டம் சம்பந்தப்பட்ட சிக்கல்களைப் பிரித்துவிடுவோம்.

இருக்கிற வேலையில் இருந்துகொண்டே இன்னொரு இடத்து இன்டர்வியூவுக்குப் போவது துரோகம் ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. லீவு சொல்லிவிட்டுப் போங்கள். உடம்பு சரியில்லை என்று பொய்ச் சான்றிதழ் மட்டும் வாங்காதீர்கள். இன்டர்வியூவுக்குப் போனது தவறில்லை, பொய்ச் சான்று கொடுத்தது தவறு என்று நாளைக்கு அதை வைத்தே உங்களை மடக்கலாம். அப்புறம், இப்போதைய கம்பெனியில் இன்னும் வெளிவராத வண்டி, உள்ளே நடக்கும் ட்ரையல் போன்றவற்றைப் பற்றி அங்கே பேசக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் நேர்மையாக இருக்க இவ்வளவு போதும்.

480 நாள் கணக்கு

சூப்பர்வைசர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். எண்ணையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கணக்குதான் தவறு.

தமிழ்நாட்டுக்கென்று 1981-ல் ஒரு சட்டம் வந்தது. தொழில் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 காலண்டர் மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணியில் இருந்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. பலருடைய வாழ்க்கையை நிமிர்த்திய சட்டம். வழக்கறிஞராக நானே அதை வைத்து வழக்கு நடத்தி, தலை நரைத்த பிறகு நிரந்தர ஆர்டர் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் 19 மாதத்தையும் கூட்டினால் 480 தாண்டிவிடுகிறது, உண்மை. ஆனால் முதல் 12 மாதம் நீங்கள் அப்ரென்டிஸ். 1961-ம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, அப்ரென்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. அதனால் அந்த 12 மாதம் பொதுவாகக் கணக்கில் ஏறாது. மீதி 7 மாதம், ஏறக்குறைய 210 நாள். அதுவும் பே ஸ்லிப்பில் பெயர் உள்ள காண்ட்ராக்ட் நிறுவனத்தின் கணக்கில்தான் இன்றைக்கு எழுதப்பட்டிருக்கிறது, கார் கம்பெனியின் கணக்கில் இல்லை. 480-ஐத் தாண்டிவிட்டோம் என்று நம்பி, வருகிற வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

பயிற்சி முடித்த அப்ரென்டிஸுக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2014-ல் வந்த திருத்தம், முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. அவ்வளவுதான்.

ஆனாலும் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். அந்த 12 மாதத்து ஸ்லிப்புகளை எடுத்துப் பாருங்கள். பி.எஃப். பிடித்தார்களா? சட்டப்படி பதிவான அப்ரென்டிஸுக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ.யும் கிடையாது. பிடிக்கப்பட்டிருந்தால், உங்களை அப்ரென்டிஸ் என்று பெயருக்கு மட்டும்தான் வைத்திருந்தார்களா என்ற கேள்வி எழும். அதேபோல, உங்கள் பயிற்சி ஒப்பந்தம் முறையாகப் பதிவானதா, பயிற்சி என்ற பெயரில் ஏதாவது சொல்லிக்கொடுத்தார்களா, அல்லது முதல் நாளே கையில் நட் இறுக்கும் கன்னைக் கொடுத்து லைனில் நிறுத்தினார்களா என்பதும் முக்கியம். பதிவு இல்லாமல் உற்பத்தியில் மட்டும் நிறுத்தியிருந்தால், அந்தக் காலத்தையும் சேர்க்கச் சொல்லி வாதாட இடம் உண்டு. பயிற்சி முடித்ததற்குக் கொடுத்த சான்றிதழை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே ரூமில் பெட்டியைக் கொட்டித் தேடுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் இல்லாத அந்த ஒரு வருட அனுபவத்துக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

அடுத்தது, இப்போது நீங்கள் யாருடைய ஆள் என்பது. அதே லைன், அதே நட். வேலை சொல்வதும் லீவு கொடுப்பதும் கார் கம்பெனியின் சூப்பர்வைசர். சம்பளம் போடுவது மட்டும் வேறு பெயர். இந்த மாதிரி ஏற்பாடு வெறும் கண்துடைப்பு என்று நிரூபணமானால், தொழிலாளி கார் கம்பெனியின் ஆள்தான் என்று தொழிலாளர் நீதிமன்றம் சொல்ல முடியும். 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அதுதான். அதே தீர்ப்பு, காண்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலே எல்லோரும் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்றும் சொன்னது. ஆதாரம் காட்ட வேண்டும். ஒருவராகப் போராடினால் வருடக்கணக்கில் இழுக்கும். சங்கமாக, பத்துப் பேராக நின்றால் பலம் அதிகம். 7 மாத சர்வீஸை மட்டும் வைத்து, வேறு வேலையை விட்டுவிட்டு, இந்த வழக்கை நம்பி உட்காருங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: 240. 12 மாதத்துக்குள் 240 நாள் வேலை செய்தவர் ஒரு வருடத் தொடர் பணி முடித்தவராகக் கருதப்படுவார். அவரை ஆள்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் கொடுக்க வேண்டும். இந்த அளவுகோல் 1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. சம்பளத்தோடு கூடிய வார விடுமுறையும் அந்த 240-ல் சேரும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். "ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வா, புது ஆர்டர் போட்டுத் தரோம்" என்று யாராவது சொன்னால், அது உங்கள் தொடர் பணியை 240-க்கு முன் உடைப்பதற்காக இருக்கலாம் என்று புரிந்துகொள்ளுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதி வையுங்கள்.

'பெரிய கம்பெனி, போனா லைஃப் செட்டில்' என்று உங்கள் அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் தலைமுறையில் அப்படித்தான் இருந்தது. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறைமலைநகரில் அவ்வளவு பெரிய ஃபோர்டு தொழிற்சாலை. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். அடுத்த வருடம் உற்பத்தி நின்றது. நிரந்தரத் தொழிலாளர்களின் இழப்பீட்டுக்காகத் தொழிற்சங்கத்தோடு மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. கம்பெனியின் பெயர்ப் பலகை எவ்வளவு பெரியது என்பதைவிட, அப்படி ஒரு நாள் வரும்போது உங்கள் பெயர் யாருடைய பதிவேட்டில் இருக்கிறது என்பதுதான் கைக்கு வருவதைத் தீர்மானிக்கும். இன்டர்வியூவுக்குப் போகும்போதும் இதே கேள்வியைத்தான் மனதில் வைத்திருக்க வேண்டும்.

25,000 ரூபாயும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும்

கொடுக்காதீர்கள். இரண்டையுமே கொடுக்காதீர்கள். அம்மாவின் தோடு காதிலேயே இருக்கட்டும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் எந்த நல்ல கார் கம்பெனியும் இன்டர்வியூவுக்கோ ஆர்டருக்கோ விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதில்லை. யூனிஃபார்ம், மெடிக்கல், டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. கன்சல்டன்சி உண்மையிலேயே கம்பெனிக்காக ஆள் தேடுகிறது என்றால் அதற்கான கட்டணத்தைக் கம்பெனி கொடுக்கும்.

சில வருடத்துக்கு முன் ஒரு பையன் என் அலுவலகத்துக்கு வந்தான். அவனும் டிப்ளமோதான். மாடியில் ஒரு சின்ன அறையில் கன்சல்டன்சி. பணமும் ஒரிஜினலும் வாங்கிக்கொண்டு, கார் கம்பெனி லோகோ போட்ட ஒரு தாளில் சேர வேண்டிய தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதியில் காலை 6 மணிக்கே கேட்டில் போய் நின்றிருக்கிறான். செக்யூரிட்டி லிஸ்டைப் பார்த்துவிட்டு, 'தம்பி, இந்த மாசம் நீ எட்டாவது ஆள்' என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து மாடி ஏறினால் ஷட்டரில் 'டு லெட்' அட்டை. பணத்தைவிட அந்தச் சர்டிபிகேட்டுக்குத்தான் அவன் அதிகம் அழுதான். போலீஸ் புகார், காணவில்லை என்ற சான்று, கிண்டியில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் என்று டூப்ளிகேட்டுக்கு அலைந்து முடிப்பதற்குள் இரண்டு நல்ல இன்டர்வியூக்கள் கைநழுவிவிட்டன.

ஒரிஜினலைக் காட்டுங்கள். சரிபார்த்ததும் உங்கள் கண் முன்னாலேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருள் அல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நகையை வைப்பது போலச் சர்டிபிகேட்டை வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை.

அதற்காக இந்த அழைப்பே பொய் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கார் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பகுதி இருக்கும். அங்கே இந்த வேலை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நேரடியாக விண்ணப்பியுங்கள். தளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, இந்தத் தேதியில் இன்டர்வியூ இருக்கிறதா என்று கேளுங்கள். கன்சல்டன்சி கொடுத்த எண்ணில் கேட்காதீர்கள். மெயில் வந்திருந்தால், அனுப்பியவர் முகவரியில் '@' குறிக்குப் பின்னால் இருப்பது கம்பெனியின் பெயரா, யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய இலவச மெயிலா என்று பாருங்கள். ஒருவேளை என் பதில் வருவதற்குள் ஜிபேயில் பணம் போயிருந்தால், வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம்.

மணிக்கட்டு

இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வந்தது, உங்கள் மேல் இல்லை. 23 வயதுப் பையன், வலியைத் திருடிய பொருள் மாதிரி ஒளித்து வைக்க வேண்டிய நிலைமை மேல்.

நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால், டீ, சாப்பாட்டு நேரம் போக 450 நிமிடம் லைன் ஓடினால் 450 வண்டி. வண்டிக்கு 6 நட். ஒரு ஷிஃப்ட்டில் 2,700 தடவை அந்தக் கன் உதைப்பதை உங்கள் மணிக்கட்டு தாங்குகிறது. வலி வந்தது உங்கள் பலவீனத்தால் என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் பே ஸ்லிப்பைப் பாருங்கள். 17,000 ரூபாய் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், மாதம் 128 ரூபாய் பிடிக்கிறார்கள். நிர்வாகம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. அந்தப் பணத்துக்கு உரிய சிகிச்சையை வாங்காமல், ஊசிக்கு 300 ரூபாய் தனியாகக் கொடுக்கிறீர்கள். இ.எஸ்.ஐ.யில் புதிதாகச் சேர்ந்தவர் சம்பள ஈடு வாங்க முதல் 9 மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் சிகிச்சை ஆரம்பத்திலிருந்தே உண்டு. வேலையால் வந்த பாதிப்பு என்று ஏற்கப்பட்டால், சந்தா எத்தனை நாள் கட்டினீர்கள் என்ற நிபந்தனை இல்லாமலே ஊன ஈட்டுக்கும் தகுதி உண்டு. டிஸ்பென்சரியில் காட்டி, தேவைப்பட்டால் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்த அசைவில் வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி, அதைச் சீட்டில் எழுத வையுங்கள். தொடர்ந்து ஊசி போட்டுக்கொண்டு வேலை செய்வது சரியா என்பதை எலும்பு மருத்துவர் சொல்லட்டும், ரூம் நண்பர் சொல்ல வேண்டாம்.

இன்டர்வியூ மெடிக்கலில் பொதுவாகக் கண், நிறம் பிரித்தறிதல், காது, ரத்தம், ரத்த அழுத்தம், எக்ஸ்ரே பார்ப்பார்கள். ஒரு படிவமும் கொடுப்பார்கள். அதன் அடியில் 'கூறியவை உண்மை, தவறெனில் பணிநீக்கத்துக்கு உட்படுகிறேன்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். கேட்காததை நீங்களாகக் கதை கதையாகச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டு வலி, கை வலி உண்டா என்று கட்டம் இருந்தால், 'உண்டு, சிகிச்சை எடுக்கிறேன்' என்று எழுதுங்கள், டாக்டர் சீட்டை இணையுங்கள். இதனால் வேலை கிடைக்காமல் போக வாய்ப்பு இருக்கிறது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் மறைத்துச் சேர்ந்து, ஆறு மாதத்தில் வலி முற்றினால் வேலையும் போகும், 'முன்பே இருந்தது, மறைத்தார்' என்று ஈடும் மறுக்கப்படும். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். இப்போதைய லைனிலேயே வேறு ஸ்டேஷனுக்கு மாற்றி மாற்றிப் போடச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். பல தொழிற்சாலைகளில் ஜாப் ரொட்டேஷன் வழக்கத்தில் இருப்பதுதான்.

அந்த 6 நட்

சரி, இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். நான் வழக்கறிஞர், இன்டர்வியூ எடுப்பவள் அல்ல. ஆனால் தொழிலாளியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் அவருடைய வேலையை அவர் வாயால் சொல்ல வைப்பது என் தொழில். எல்லோரும் முதலில் உங்களைப் போலத்தான் தொடங்குவார்கள்: 'நான் சும்மா டைட் பண்றேன் மேடம்.' ஒரு மணி நேரம் கேள்வி கேட்டால் எனக்குத் தெரியாத ஒரு உலகமே அவர்கள் கையில் இருக்கும்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். நட்டை எடுத்ததும் கன்னை வைத்து அழுத்திவிடுகிறீர்களா? இல்லை. முதல் இரண்டு திரெட்டை விரலால் ஏற்றுகிறீர்கள். ஏன்? நேராகக் கன்னை வைத்தால் திரெட் குறுக்கே ஏறிவிடும், பார்க்க இறுகியது போல இருக்கும், ரோட்டில் போகும்போது தளரும். டார்க், அதாவது இறுக்கும் விசை, சரியாக ஏறினால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் என்ன செய்கிறீர்கள்? ஆறும் முடிந்ததும் மார்க்கர் பேனாவால் நட்டின் மேலும் அதன் அடியிலும் சேர்த்து ஒரு கோடு இழுக்கிறீர்களே, அது எதற்கு? அடுத்த ஸ்டேஷனில் இருப்பவர் ஒரு பார்வையில், இது இறுக்கப்பட்டது, இதற்குப் பிறகு அசையவில்லை என்று தெரிந்துகொள்வதற்கு. வண்டியின் முன்பக்கச் சஸ்பென்ஷனைப் பாடியோடு பிடித்து வைத்திருப்பது அந்த 6 நட். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிற ஒரு குடும்பம் அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் 'டைட் பண்றேன்' என்று நிறுத்தாதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், முன்பக்க ஸ்ட்ரட் மவுண்ட்டிங் ஸ்டேஷன். டாக்ட் டைம் 60 செகண்ட். 6 நட்டும் கையில ஸ்டார்ட் பண்ணி, கன்ல டார்க் ஏத்தி, ஓகே சிக்னல் பார்த்து, மார்க் பண்ணி விடணும். ஒரு தடவை தொடர்ந்து மூணு வண்டிக்குச் சிவப்பு வந்துச்சு. அண்டான் கயிறை இழுத்தேன். பார்த்தா அந்த லாட் நட்ல கோட்டிங் பிரச்சினை." கடைசியில் வருவது மாதிரி உங்களுக்கு நடந்த சம்பவம் எதுவோ, அதைச் சொல்லுங்கள். என்னுடையதை மனப்பாடம் செய்ய வேண்டாம். மனப்பாடம் செய்தவரை அடுத்த கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிரச்சினை என்றால் அந்த அண்டான் கயிறை இழுத்து லைனை நிறுத்தப் பயப்படாதவர் என்பது அவர்கள் தேடுகிற குணங்களில் ஒன்று. ஒரு தவறு உங்களால் நடந்திருந்தால், எப்படி நடந்தது, பிறகு எப்படித் தவிர்த்தீர்கள் என்று அதையும் சொல்லலாம்.

அனுபவம் எவ்வளவு என்று கேட்டால், '12 மாதம் அப்ரென்டிஸ், 7 மாதம் காண்ட்ராக்ட்' என்று உள்ளபடியே சொல்லுங்கள். '2 வருஷம் கம்பெனி ரோல்' என்று கூட்டிச் சொன்னால், யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணைத் தட்டியதும் எந்த நிறுவனம், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள் என்பது வந்துவிடும். டிப்ளமோவில் அரியர் இருந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். தமிழில் பேசலாமா என்று தயங்காதீர்கள். தொழில்நுட்பச் சொற்களை வழக்கம்போல் ஆங்கிலத்திலும் மற்றதைத் தமிழிலும் பேசுவதுதான் லைனிலும் நடக்கிறது.

ஆர்டர் வந்த பிறகு

தேர்வாகிவிட்டால் சந்தோஷத்தில் உடனே இங்கே ராஜினாமா எழுதிவிடாதீர்கள். நீங்களாக எழுதிக் கொடுத்தால் ஆள்குறைப்பு ஈடு பற்றிய பேச்சே இல்லை. மேலே சொன்ன கண்துடைப்பு வாதமும் நீர்த்துப்போகும். முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில் வரட்டும். புதிய சட்டத் தொகுப்பின்படி அதைக் கொடுப்பது இப்போது கட்டாயம்.

ஆர்டரில் முதலில் பார்க்க வேண்டியது உங்களை வேலைக்கு வைப்பவர் யார் என்ற வரி. கார் கம்பெனியின் பெயர் இருந்தால், 2 வருட ஃபிக்ஸட் டெர்ம் என்றாலும் இப்போதைய நிலையைவிட நல்லது, என் கருத்தில் போகலாம். அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குக் குறையாத சம்பளமும் சலுகையும் ஃபிக்ஸட் டெர்ம் ஆளுக்கும் உண்டு. முன்பு 5 வருடம் ஆனால்தான் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை, இப்போது ஃபிக்ஸட் டெர்ம் ஆளுக்கு ஒரு வருடம் முடித்தாலே விகிதப்படி உண்டு. ஆனால் 2 வருடம் முடிகிற அன்று வேலை முடிந்தது என்றால் அது ஆள்குறைப்பு ஆகாது, அதற்கான ஈடு கிடையாது. எத்தனை பேரை அதற்குப் பிறகு எடுத்திருக்கிறார்கள் என்று இன்டர்வியூவிலேயே மரியாதையாகக் கேளுங்கள், தப்பில்லை. ஆர்டரில் கன்சல்டன்சியின் பெயரே இருந்தால், கயிறு இன்னொரு நிறத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அதற்காக மாற வேண்டாம்.

பாண்டு இருந்தால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'பாண்டெல்லாம் செல்லாது' என்று ரூமில் சொல்வார்கள். அப்படி இல்லை. 3 வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நியாயமான தொகை, நியாயமான காலம் என்றால் நிற்கும். பயிற்சிக்கு எந்தச் செலவும் செய்யாமல் ஒரு லைன் தொழிலாளியிடம் பெரிய தொகை கேட்டால் எதிர்த்து வாதாடலாம், ஆனால் வாதாடும் நிலைமைக்கே போகாமல் இருப்பது நல்லது.

பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். அதே யு.ஏ.என்.-ஐப் புது இடத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி மாதச் சம்பளத்தைக் காண்ட்ராக்ட் நிறுவனம் இழுத்தடித்தால், அதைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான கார் கம்பெனிக்கும் உண்டு என்று எழுத்தில் கேளுங்கள்.

கன்சல்டன்சி மிரட்டினாலோ, 240 நாளுக்கு முன் உங்களை நிறுத்தினாலோ, வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, ஆலைத் தொழிலாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. காஞ்சிபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணில் பேசலாம். போகும்போது 19 மாதத்து ஸ்லிப்புகள், இரண்டு ஐடி கார்டின் நகல், பி.எஃப். பாஸ்புக், அப்ரென்டிஸ் சான்றிதழ், இ.எஸ்.ஐ. சீட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பழைய நீலக் கயிறு இன்னும் இருந்தால் அதையும்.